இன்னும் கறுப்பாக

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
ஒரு மெஷின், ஒரு யூ.பி.எஸ்.,
ஆதார் அட்டை இரண்டு பக்கமும் ஐந்து ரூபாய்.

அவள் கொண்டுவந்தது கட்டவிழ்ந்த ஒரு தாள்கட்டு.
நகலின் நகலின் நகல்.
அட்டை எந்த ஊரிலோ உதிர்ந்துவிட்டது.
எழுதியவள் ஒரு தீவுக்காரியாம்,
கரும்பு வெட்டியவர்களின் வீட்டுப் பெண்,
செத்து நாற்பது வருடமாம்.
எங்கள் பக்கம் பேனா எடுக்கிற எல்லோரும்
முதலில் இவளிடம் திட்டு வாங்கியவர்கள், என்றாள்.

பில்லுக்காகப் பெயர் கேட்டேன்.
ங்கலூலா.
அரிச்சுவடியில் தனக்கென்று ஒரு சொல் இல்லாமல்
சும்மா உட்கார்ந்திருந்த ங-வுக்கு
அன்றைக்குத்தான் வேலை வந்தது.

ஊர், காங்கோ.
என்னை இந்தத் தெருவில் கொங்கா என்றவர்கள் உண்டு,
ஆற்றுத் தண்ணீர் தகராறு வரும் வருடங்களில்
கொஞ்சம் சத்தமாக.
சொன்னேன். சிரித்தாள்.
அப்படியென்றால் நாம் ஒரே ஊர்.

முதல் பக்கம் வெளுத்து வந்தது.
இன்னும் கறுப்பாக, என்றாள்.
பொத்தானில் இரண்டு கட்டம் ஏற்றினேன்.
இன்னும்.
டோனர் வீணாகும் என்றேன்.
அவள் கேட்டதும் இதைத்தான், என்றாள்.

ஓரங்களில் ஆட்கள் இருந்தார்கள்.
லாகோஸில் யாரோ பென்சிலால் ஆமாம், ஆமாம் என்று.
லண்டனில் ஒருவர் பஸ் டிக்கெட்டை ஒட்டிவைத்து
அதன் மேல் நாலு வரி.
டாகாரில் ஒரு டீச்சர், தேதி போட்டு:
இன்று கண்ணாடியில் முகம் கழுவாமல் பார்த்தேன்.
இன்னொருவர் கோபமாக, இங்கே நீ தப்பு.
டிக்கெட்டும் கோபமும் சேர்ந்தே நகலாகி
ஒரே மையில் கிடந்தன.
பாதிப் பக்கங்களில்
எது அவள் எழுதியது, எது அவர்கள் எழுதியது,
பிரிக்க முடியவில்லை.

நாற்பத்தேழாம் பக்கத்தில் பேப்பர் சிக்கியது.
கதவைத் திறந்து இழுத்தேன்.
பாதி வரி கையோடு வந்தது, சூடாக.
அதில் ஒரு சொல், சாய்வெழுத்தில்:
கூலி.
ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டு என் சொல்.
அங்கே என்ன செய்கிறது அது?

எங்கள் ஆட்களுக்குப் பிறகு
அதே கரும்புக்காட்டில் உங்கள் ஆட்களை இறக்கினார்கள், என்றாள்.
அது அவர்களைத் திட்டும் சொல்.
தீவுக்காரி அதையும் தூக்கித்
தன் மூட்டைமேல் வைத்துக்கொண்டாள்.
உங்கள் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம்?

வேலைக்குக் கொடுக்க வேண்டிய காசு.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். கொடுக்க வேண்டிய காசு.

ரொம்ப நேரம் பேசவில்லை.
மெஷின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
பிறகு ஏதோ சொன்னாள், அவள் பாஷையில்.
எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

என்னிடமும் ஒன்று இருந்தது சொல்ல.
பழைய தமிழில் கறுத்தான் என்றால்
கோபப்பட்டான் என்றும் பொருள்.
பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்வி,
தப்பாக எழுதியிருந்தேன்.
ஓரத்தில் எழுது, என்றாள், உன் எழுத்தில்.
எழுதினேன், நாற்பத்தேழு, வலது ஓரம்.
கடை பேனா, நடுவில் ஒருமுறை நின்றுபோனது.
உதறிவிட்டு முடித்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர்
டு-லெட் நோட்டீஸ் நீட்டினார்.
சைவக் குடும்பம் மட்டும். ஆப்பிரிக்கர்களுக்கு இல்லை.
இருபது காப்பி.
ங்கலூலா அதைப் படித்துவிட்டு
தாள்களை அடுக்கத் தொடங்கினாள், மிக நேராக.
நான் பொத்தானைக் கடைசிக் கட்டம் வரை இறக்கினேன்.
இருபதும் வெள்ளையாக வந்தன,
கண்ணருகே வைத்தால் பனிபோல் ஏதோ தெரியும்.
டோனர் தீர்ந்துபோச்சு சார், என்றேன்.
காசு வேண்டாம், என்றேன்.

மாலையில் கணக்குப் பார்த்தால்
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இரண்டு தடவை ஓடியிருந்தது.
ஒன்று அவளோடு போய்விட்டது.
இன்னொன்று டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு.

கிழிந்த தாளின் துணுக்கு ஒன்று
இன்னும் உருளையில் எங்கோ ஒட்டியிருக்கிறது.
எடுக்கிற ஒவ்வொரு ஆதார் அட்டையிலும்,
சாதிச் சான்றிதழிலும், கல்யாணப் பத்திரிகையிலும்
ஓரமாக ஒரு கறுப்புக் கோடு விழுகிறது.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.
கூப்பிடவில்லை.